பங்காளிச் சண்டையும் பன்னிரண்டு பலகைகளும்

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986இல் தொடங்கி, பல கட்டங்களாக அங்கே அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு என்று நிறையக் கிடைத்தன. ரோமுக்கும் இந்தக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். முத்து போனது, காசு வந்தது... அத்தோடு கதை முடிந்துவிடும்.

காசையும் பானையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வேறு ஒரு விஷயத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரோம் ஒரு சின்ன ஊராக இருந்து அரசாக வளர்ந்த கதை ஒன்று. இதே கரையில் சேதுபதிகளின் அரசு வளர்ந்த கதை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி. ஆனாலும் இரண்டும் ஒரே கேள்வியைச் சந்தித்தன. வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தால் என்ன செய்வது?

ஓர் அரசு எத்தனை போரில் ஜெயித்தது, எத்தனை கோட்டை கட்டியது என்று எண்ணுவதுதான் பள்ளிக்கூடச் சரித்திரம். அதை வைத்து ஓர் அரசின் வளர்ச்சியை அளக்க முடியாது. உள்ளே நடக்கிற சண்டையை அது என்னவாக மாற்றுகிறது என்பதே சரியான அளவுகோல். அந்தக் கோலை வைத்துப் பார்த்தால், வீரத்தில் குறையே இல்லாத சேதுநாடு ஏன் தேய்ந்தது, டைபர் நதிக்கரையில் இருந்த ஒரு சாதாரண ஊர் ஏன் வளர்ந்தது என்பது ஓரளவு புரியும்.

இரண்டு காவல்காரர்கள்

தொடக்கத்தில் இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை. ரோம் இருந்த இடம் டைபர் நதியைக் கடக்க வசதியான இடம். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு கொண்டுபோகும் பாதை அந்த வழியாகத்தான் போயிற்று. சேதுநாடு இருந்த இடமும் ஒரு கடவுதான். காசியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்ரீகர்கள் காட்டையும் மணலையும் தாண்டி, பிறகு பாம்பன் கால்வாயையும் தாண்டியாக வேண்டும். வழியெல்லாம் கள்ளர் பயம். அதனால் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், 1605ஆம் ஆண்டு வாக்கில், சடைக்கத் தேவர் என்பவரை அந்தப் பாதைக்குக் காவலாக அமர்த்தினார். உடையான் சேதுபதி என்று சரித்திரத்தில் வருகிறவர் அவர்தான். ராமநாதபுரத்துக்கு மேற்கே உள்ள போகலூர் அவருடைய இருப்பிடம்.

இரண்டு பேருக்கும் ஆதிகதையும் உண்டு. ரோமைக் கட்டிய ரோமுலஸ், ஓநாயின் பால் குடித்து வளர்ந்தவன் என்பார்கள். முதல் சேதுபதியை சேதுவுக்குக் காவலாக நியமித்தவர் ராமரே என்பார்கள். இந்தக் கதைகள் நடந்தனவா என்று வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. 'எங்கள் அதிகாரம் யாரோ கொடுத்தது அல்ல, ஆதியிலேயே வந்தது' என்று சொல்லிக்கொள்ள ஒவ்வோர் அரசுக்கும் ஒரு கதை வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆக, இரண்டு பேரும் வழிக்காவலில் தொடங்கினார்கள். பிறகுதான் பாதை பிரிந்தது.

ரோம் சண்டை போட்ட விதம்

ரோமில் முதலில் ராஜாக்கள் இருந்தார்கள். கி.மு. 509இல் கடைசி ராஜாவை விரட்டிவிட்டார்கள் என்பது மரபு. ராஜாவுக்குப் பதில் இரண்டு கான்சல்கள். பதவி ஒரே ஒரு வருஷம். ஒருவர் செய்வதை இன்னொருவர் தடுக்கலாம். பெரிய ஆபத்து வந்தால் சர்வ அதிகாரத்தோடு ஒரு சர்வாதிகாரியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அவர் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தப் பதவியெல்லாம் பேட்ரீசியன் என்ற மேல்குடியினரின் கையில். பிளிபியன் என்ற சாதாரண ஜனங்கள் போருக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் வீட்டில் கடன் காத்திருக்கும். கடனைக் கட்ட முடியாதவன் அடிமைபோல் ஆகவேண்டும். கி.மு. 494இல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆயுதம் வைத்திருந்த வீரர்கள் அவர்கள். நினைத்திருந்தால் ஊரைக் கொளுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், மொத்தமாக ஊரைவிட்டு வெளியே போய் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். 'உங்கள் ஊரை நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள்' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மேல்குடியினர் இறங்கி வந்தார்கள். டிரிபியூன் என்ற புதுப் பதவி பிறந்தது. சாதாரண ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி. அதிகாரிகள் எடுக்கும் முடிவை 'கூடாது' என்று தடுக்க அவருக்கு உரிமை. அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்த சண்டை, 'சட்டம் என்ன என்பதே எங்களுக்குத் தெரியவில்லையே' என்பது. கி.மு. 451-450இல் சட்டத்தை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி சந்தைச் சதுக்கத்தில் வைத்தார்கள். பன்னிரண்டு பலகைகள். வெண்கலத்தில் பொறிக்கப்பட்டவை என்பது மரபு. அந்தச் சட்டம் ஒன்றும் தங்கமானதல்ல. இரண்டு வகுப்பாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்றுகூட அதில் இருந்தது. ஆனால் எழுதி வைத்துவிட்டதால் எதை எதிர்ப்பது என்று தெரிந்துவிட்டது. கி.மு. 445இல் அந்தத் தடை போயிற்று. கி.மு. 367இல் கான்சல் பதவி சாதாரண ஜனங்களுக்கும் திறந்தது. கி.மு. 287இல் அவர்களுடைய சபை போடும் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 207 வருஷம் சண்டை. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் ஒரு பதவியோ ஒரு சட்டமோ மிஞ்சியது. ஊர் மட்டும் துண்டாகவில்லை.

சேதுநாடு சண்டை போட்ட விதம்

இனி இந்தப் பக்கம். கூத்தன் சேதுபதி 1635இல் இறந்தார். அடுத்து தளவாய் சேதுபதி பட்டத்துக்கு வந்தார். கூத்தன் சேதுபதிக்கு முறைப்படியான மனைவி அல்லாத ஒருத்தியிடம் பிறந்த தம்பித் தேவர் தனக்கும் உரிமை உண்டு என்றார். மதுரையில் அப்போது திருமலை நாயக்கர். அவருக்கும் சேதுபதிக்கும் ஏற்கெனவே ஆகவில்லை. தம்பித் தேவர் பக்கம் சாய்ந்து, 1639இல் தளபதி ராமப்பய்யனைப் பெரும் படையோடு அனுப்பினார். சேதுபதி பாம்பன் தீவுக்குள் ஒதுங்கிப் போரிட்டும் கடைசியில் பிடிபட்டு மதுரையில் சிறையிருந்தார். பிறகு விடுதலையாகித் திரும்பினார். 1645இல் தம்பித் தேவராலேயே கொலையுண்டார்.

அதற்குத் தீர்வு என்ன? நாயக்கர் நாட்டை மூன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்தார். ஒரு பங்கு ரகுநாதத் தேவருக்கு, திருவாடானைப் பக்கம் தனக்கத் தேவருக்கு, இன்னொன்று தம்பித் தேவருக்கு. வீட்டில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் நிலத்தைப் பிரித்து வரப்புக் கட்டுவது போல! மற்ற பங்காளிகள் சீக்கிரமே காலமானதால் நாடு மறுபடி ரகுநாதரிடம் ஒன்று சேர்ந்தது. திருமலை சேதுபதி என்று பெயர் பெற்றவர் இவர்தான். மைசூர்ப் படை மதுரை மேல் வந்தபோது திருமலை நாயக்கரைக் காப்பாற்றியவரும் இவரே. நாடு ஒன்று சேர்ந்தது ஒரு விதியால் அல்ல, பங்காளிகளின் மரணத்தால். இதைக் கவனிக்க வேண்டும்.

கிழவன் சேதுபதியின் காலம்தான் சேதுநாட்டின் உச்சம். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றினார். மதுரைக்கு அடங்கியிருந்த நிலையை உதறினார். 1702இல் ராணி மங்கம்மாளின் படையைத் தோற்கடித்தார். தம் மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்குத் தலைவராக்கினார். அதுவும் பிற்பாடு தனி அரசாகவே போய்விட்டது.

இப்படிப்பட்ட ஆள் 1710இல் இறந்தார். அடுத்து விஜயரகுநாத சேதுபதி. அவருக்குப் பிறகு? அதே பழைய கேள்வி! கிழவனின் முறைப்படி பிறக்காத மகன் பவானி சங்கரத் தேவர் ஒரு பக்கம், அரச குடும்பத்து ஆட்கள் மறு பக்கம். 1720கள் முழுக்க இதே ரகளை. ஒருவர் தஞ்சாவூர் மராட்டியர் படையைக் கூட்டி வருவார். அவரிடம் தோற்றவர் ஓடிப்போய் அதே தஞ்சாவூர்ப் படையைத் தம் பக்கம் திருப்பி அழைத்து வருவார். கடைசியில் கட்டையத் தேவரும் நாலுகோட்டை சசிவர்ணத் தேவரும் தஞ்சைப் படையோடு வந்து ஓரியூரில் பவானி சங்கரரைத் தோற்கடித்தார்கள்.

தீர்வு? மறுபடியும் பாகப்பிரிவினை. 1730ஆம் ஆண்டு வாக்கில் நாட்டை ஐந்து பங்காக்கி, மூன்று பங்கு கட்டையத் தேவருக்கு, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. உதவிக்கு வந்த தஞ்சைக்காரர் சும்மா போவாரா? பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த பகுதி அவர் கைக்குப் போயிற்று.

அதற்குப் பின் தளவாய்கள் காலம். வெள்ளையன் சேர்வைக்காரர் என்ற தளவாய் 1740களின் கடைசியில் ஒரு சேதுபதியை இறக்கி இன்னொருவரை ஏற்றும் அளவுக்கு வளர்ந்தார். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் முதலில் ராமநாதபுரத்தை எடுத்தன. அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. ஒன்றாக இருந்திருக்க வேண்டிய இரண்டு சீமைகளை எதிரி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டான். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினி பதவியிலிருந்து இறக்கியது. 1803இல் சேதுநாடு ஒரு ஜமீன்தாரி ஆயிற்று.

செம்பில் எழுதியதும் எழுதாததும்

இந்த அரசுக்கு எழுதி வைக்கிற பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேதுபதிகளின் செப்பேடுகள் ஏராளம். கோயிலுக்கு, மடத்துக்கு, பள்ளிவாசலுக்கு, தேவாலயத்துக்கு என்று நிலம் கொடுத்து, எல்லையைக் குறித்து, சூரியனும் சந்திரனும் உள்ளவரை இது செல்லும் என்று பொறித்தார்கள். இதைக் கெடுக்கிறவன் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற மாதிரி சாபமும் சேர்த்தார்கள்.

ஒரு கிராமத்து மானியத்துக்கு சந்திர சூரியர் வரை ஏற்பாடு. ஆனால் மன்னர் இறந்த மறுநாள் யார் ராஜா என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி இல்லை! மகனா, தங்கை மகனா, தத்துப் பிள்ளையா, மருமகனா... ஒவ்வொரு முறையும் யார் பக்கம் ஆள் அதிகமோ, யார் பக்கம் அயல்நாட்டுப் படை வந்ததோ, அவரே ராஜா. ரோமில் பன்னிரண்டு பலகைகள் அதிகாரத்தின் விதியை எழுதின. இங்கே செப்பேடுகள் அதிகாரத்தின் தர்மத்தை எழுதின. தர்மம் நிலைத்தது, அதிகாரம் நிலைக்கவில்லை.

கடைசியில் அந்த விதியை எழுதியது யார் தெரியுமா? லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு, ஜமீன்தார் 1829இல் இறந்த பிறகு தொடங்கி 1863இல்தான் அங்கே தீர்ந்தது. ராமநாதபுரம் ராணி தத்து எடுத்தது செல்லுமா என்ற வழக்கு 1868இல் தீர்ந்தது. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், நெருங்கிய உறவினர் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பை சட்டக் கல்லூரி மாணவர்கள் வெகுகாலம் படித்தார்கள். வாரிசுக்கு விதி கிடைத்தபோது ஆள்வதற்கு நாடு இல்லை.

ரோம் மட்டும் யோக்கியமா?

இங்கே சிலர் சண்டைக்கு வரலாம். 'ரோமைத் தூக்கி வைத்துக்கொண்டு நம்ம ஊரை மட்டம் தட்டுவதா?' என்று. நியாயமான கேள்விதான்.

ரோமில் அடிமைகள் இருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லை. கான்சல்களைத் தேர்ந்தெடுத்த சபையில் பணக்காரன் ஓட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த ஆரம்பகாலக் கதைகளை எழுதி வைத்தவர்களும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள். அழகுபடுத்தி எழுதியிருப்பார்கள். மேலும் சேதுநாட்டுக்கு மதுரை, தஞ்சாவூர், நவாப், டச்சுக்காரர், கும்பினி என்று நாலு பக்கமும் பெரிய சக்திகள். ஒற்றுமையாக இருந்திருந்தாலும் 1795 வராமல் போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் இதற்கெல்லாம் ரோமே பதில் சொல்கிறது. சண்டையை விதியாக மாற்றும் பழக்கத்தை ரோம் கைவிட்டபோது அதுவும் சேதுநாடு ஆயிற்று. கி.மு. 133இல், யாரும் கை வைக்கக் கூடாத டிரிபியூன் ஒருவரை, டைபீரியஸ் கிராக்கஸ் என்பவரை, செனட்டர்களே அடித்துக் கொன்றார்கள். நூறு வருஷ உள்நாட்டுப் போருக்குப் பின் கி.மு. 27இல் அகஸ்டஸ் முதல் பேரரசர் ஆனார். பேரரசருக்குப் பின் யார் என்பதற்கு அங்கேயும் விதி இல்லை. கி.பி. 193இல் மெய்க்காவல் படையினர் பேரரசரைக் கொன்றுவிட்டு, சிம்மாசனத்தை ஏலம் விட்டார்கள். கி.பி. 238இல் ஒரே வருஷத்தில் ஆறு பேரரசர்கள். வெள்ளையன் சேர்வைக்காரர் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார்!

அதனால் இது ரோமானியர் புத்திசாலி, மறவர் நாட்டார் முரடர் என்ற கதை அல்ல. ரத்தத்திலோ ஜாதியிலோ இருக்கும் குணமும் அல்ல. சேதுபதிகளை ஜாதிப் பெருமைக்குள் அடைத்துவைத்து மாலை போடுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. மட்டம் தட்டுகிறவர்களும் பேசுவதில்லை. விதி இருக்கும் இடத்தில் சண்டை அரசை வளர்க்கிறது. விதி இல்லாத இடத்தில் அதே சண்டை அரசைத் தின்கிறது. ரோமுக்கும் அதேதான், ராமநாதபுரத்துக்கும் அதேதான்.

இப்போது எதற்கு இது?

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தார். அரசுக்கு விதி இருந்தது. நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர் ஆனார். 1969இல் அண்ணா இறந்தபோதும் அதே நெடுஞ்செழியன்தான். ஆனால் கட்சிக்குள் என்ன நடந்தது? அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. 1989 தேர்தலில் ஒரு அணிக்குச் சேவல், ஒரு அணிக்கு இரட்டைப் புறா. 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார். விடிவதற்குள் புது முதல்வர் பதவியேற்றுவிட்டார். கட்சி மறுபடியும் உடைந்தது. 2017 மார்ச்சில் இரட்டை இலைச் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் முடக்கியது. ஒரு கட்சியை மட்டும் சொல்வதற்கு இல்லை. தலைவர் இறந்ததும் பங்காளிகள் கிளம்பாத கட்சியைத் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அரசாங்கத்திடம் பன்னிரண்டு பலகைகள் இருக்கின்றன. அரசியல் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்த அரசாங்கத்தை நடத்தும் கட்சிகளிடம் செப்பேடுகள்தான் இருக்கின்றன. யாருக்கு என்ன கொடுத்தார் தலைவர் என்ற பட்டியல் நீளம். தலைவருக்குப் பின் யார், எப்படித் தேர்வு என்ற பக்கம் மட்டும் காலி. புத்தகத்தில் விதி இருக்கலாம். ஆனால் தோற்றவர் அதை மதித்து உட்கார்ந்தால்தான் அது விதி. கோயில் கமிட்டி, ஊர்ச் சங்கம், கல்லூரி மாணவர் மன்றம்... எதை எடுத்தாலும் இதே கதைதான். சண்டை வந்தால் ஒரு புது விதி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு புதுச் சங்கம் ஆரம்பிக்கத்தான் தோன்றுகிறது.

மாற முடியாதா என்றால், முடியும். அதற்கு ரோம் வரை போக வேண்டியதில்லை. 1639இல் தளவாய் சேதுபதி உயிருக்குப் போராடிய அதே தீவில், படகு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். 2007 ஜூலை 25ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது. பிரதீபா பாட்டில் பதவியேற்றார். ஒரு படையும் வரவில்லை, ஒரு பங்கும் பிரியவில்லை. மறுநாள் செய்தித்தாளில் அது ஒரு சாதாரணச் செய்தி. அப்படிச் சாதாரணமாக ஆவதற்குத்தான் ரோமானியர்கள் 207 வருஷம் சண்டை போட்டார்கள்.